நெய்சா, வலது பக்கம்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, இரண்டாம் அறுப்பின் புல்கட்டுகளைக் கம்பியில் இறக்கியது. அம்மா ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மேல்புல்வெளியில் நின்றாள். நான் இந்தப் பக்கம், கொட்டகை வாசலில். அவள் ஒவ்வொரு கட்டாகக் கப்பியின் கொக்கியில் மாட்டித் தள்ளிவிடுவாள். அது சீறிக்கொண்டு பள்ளத்தைக் கடந்து வந்து, சுவரில் சாத்திய பழைய டயரில் மோதி நிற்கும். நான் கழற்றி உள்ளே இழுத்துப் போடுவேன்.

கைபேசி அவள் மேலங்கிப் பையிலேயே இருந்தது. ஆனாலும் கத்தித்தான் பேசுவாள். பள்ளம் அவள் குரலை நன்றாகக் கொண்டுவரும்.

"வருதுடி. தள்ளி நில்லு."

"தள்ளித்தான் நிக்கிறேன்."

"இன்னும் தள்ளு. ஆகாசத்துல தொங்கித் தொங்கி உனக்குத் தரையில நிக்கத் தெரியாமப் போச்சு."

கடைசிக் கட்டோடு, சாப்பிட்டு மிஞ்சிய அக்ரூட் கேக்கைத் துணியில் முடிந்து அனுப்பினாள். கேக்கும் டயரில் மோதியது. பள்ளத்தைச் சுற்றி நடந்து வீடு வந்து சேர்ந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:

"கேக் வந்துச்சா?"

"தூளா வந்துச்சு."

"கரண்டியால அள்ளித் தின்னு. டவுன்ல இதையே கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு ரெண்டு மடங்கு வெல சொல்லுவான்."

பிறகு இருவருமாகக் கப்பிக்கு கிரீஸ் போட்டு, கோணியில் சுற்றி, உத்தரத்தில் மாட்டினோம். கம்பி மட்டும் வெளியே தொங்கியது. எல்லா வருஷமும் அப்படித்தான்.

அம்மாவின் பெயர் நெய்சா. சாலை முடிந்த பிறகும் மேலே ஏறினால் வரும் கடைசி வீடு அவளுடையது. ஐந்து மாடுகள், கொஞ்சம் கோழிகள், பேசிக்கொண்டே இருக்கும் வாய். அப்பா ரியெத் இறந்த பிறகும் மாடுகளைக் குறைக்கவில்லை. ஐந்து மாட்டுக்குக் குளிர்காலத் தீனி வேண்டுமென்றால் மேல்புல்வெளியை அறுத்தாக வேண்டும். அங்கே வண்டி போகாது. அங்கிருந்து புல் வர ஒரே வழி, அப்பா இளம் வயதில் லார்ச் மரத்திலிருந்து கொட்டகைத் தூணுக்கு இழுத்துக் கட்டிய அந்தக் கம்பி. கம்பி போனால் மேல்புல்வெளி போகும். மேல்புல்வெளி போனால் இரண்டு மாடுகள் போகும். அம்மாவின் கணக்கு இவ்வளவுதான். அதில் பிழை இல்லை.

என் கணக்கு வேறு. நான் மீட்பு ஹெலிகாப்டரில் வின்ச் இயக்குகிறேன். கதவோரம் படுத்து, தலையை வெளியே நீட்டி, கயிற்றில் டாக்டரை இறக்குவதும் ஏற்றுவதும் என் வேலை. மலையில் நாங்கள் பயப்படுவது காற்றுக்கல்ல, பனிக்கல்ல, புல்கம்பிக்கு. சுண்டுவிரல் கனம் இருக்கும். வெயில் எதிரே அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. விசிறியில் மாட்டினால் பிறகு பேச்சில்லை. அதனால் கம்பி கட்டிய ஒவ்வொருவரும் எங்கள் தளத்துக்குச் சொல்ல வேண்டும்; அது விமானிகளின் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடாக ஏறும். கழற்றினாலும் கட்டியவரே சொல்ல வேண்டும், கோடு அழியும்.

எங்கள் தளத்தில் கோடுகளுக்கு எண் சொல்வதில்லை. ஆளின் பெயர் சொல்வோம். பள்ளத்தை நெருங்கும்போது நான் சொல்வேன்: "நெய்சா, வலது பக்கம்." விமானி குர்தின் பதில் சொல்வான்: "நெய்சா, பார்த்தேன்." இப்படி வேலை நேரத்தில் அம்மாவின் பெயரை நான் சொன்ன அளவு, உலகத்தில் எந்த மகளும் சொல்லியிருக்க மாட்டாள்.

குர்தின்தான் தளத்துக்குப் பொறுப்பு. எங்கள் பள்ளத்தாக்கில் வளர்ந்தவன். அம்மாவின் கோழிக்கூட்டில் முட்டை திருடி அடி வாங்கியவன். அதனால் அவன் அதிகாரம் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

"அத்தை, அந்தக் கம்பிய எப்ப எறக்கப் போற?"

"அறுப்பு முடியட்டும்டா."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன."

"போன வருஷமும் அறுப்பு இருந்துச்சுல்ல."

வீட்டின் பக்கத்தில் இருக்கும் சமதளப் புல்வெளிதான் மேல்பகுதிக்கெல்லாம் நாங்கள் இறங்கும் இடம். அதைப் பற்றியும் அம்மாவுக்குக் குறை உண்டு. நாங்கள் வந்துபோனால் கோழிகள் மூன்று நாள் முட்டையிடாதாம். ஆனால் விசிறிச் சத்தம் கேட்ட உடனே அடுப்பில் காப்பி ஏற்றிவிடுவாள். அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு அவசரமாகப் புறப்படுகிறவர்களிடம், "ஒரு வாய் குடிச்சுட்டுப் போனா என்ன, அவன் என்ன ஓடியா போகப் போறான்" என்பாள்.

அவள் மாடு ஸ்டெய்லா ஒரு முறை பள்ளத்தில் வழுக்கிக் கால் பிசகிக் கிடந்தபோது, வலையில் கட்டித் தூக்கிக் கொண்டுவந்து வைத்தோம். அன்றிலிருந்து அம்மா அந்த மாட்டை மரியாதையாக நடத்தினாள். அப்படியே ஒரு நாள் உன்னையும் ஒரு சுற்று கூட்டிப்போகிறேன் என்று குர்தின் சொன்னான்.

"வேணாம். வீட்டுக்கு ஒருத்தர் பறந்தா போதும். ஏற்கெனவே மகளும் மாடும் பறந்தாச்சு. என் கால் தரைய விட்டு எழும்பாது."

சிவப்புத் துணி விவகாரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தளத்தில் இன்றும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

கம்பியை இறக்கவைக்க முடியாமல் ஓய்ந்துபோன குர்தின், ஆரஞ்சு நிறப் பந்துகளைக் கொண்டுவந்தான். கம்பியில் கோத்துவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

"பந்தா?" என்றாள் அம்மா. "நான் என்ன, சர்க்கஸா நடத்துறேன்?"

"கண்ணுல படணும் அத்தை. அவ்வளவுதான். பந்து வேணாம்னா வேற ஏதாவது செவப்பா மாட்டி வை."

அவன் பந்துகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். அம்மா அலமாரியைத் திறந்தாள். வீட்டில் சிவப்பாக இருந்தது ஒன்றே ஒன்று: குளிர்காலத்துக்கு அப்பா போட்டுக்கொள்ளும், கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டான கம்பளி உள்ளாடை. அதைக் கப்பியில் கட்டி, கம்பியின் நட்டநடுவே இழுத்து நிறுத்திவிட்டாள்.

பள்ளத்தில் எப்போதும் காற்று உண்டு. உள்ளாடைக்குள் காற்று புகுந்தது. கை உப்பியது, கால் உப்பியது.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து மலைத் தளத்தின் ஹெலிகாப்டர் ஒன்று அந்த வழியாகப் போனது. விமானி வயர்லெஸ்ஸில் எங்கள் தளத்தை அழைத்தார். குரலில் பதற்றம் இருந்தது. பள்ளத்தின் நடுவே ஒரு ஆள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறான், உதைத்துக்கொண்டிருக்கிறான், தலை தெரியவில்லை என்றார். இடத்தைச் சொன்னார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். குர்தின் என்னைப் பார்த்தான்.

"அது எங்கப்பா," என்றேன்.

குர்தின் மைக்கைக் கையில் எடுத்தான். இறந்துபோன ஒருவருடைய உள்ளாடை அது என்பதை வானலையில் எப்படி முறைப்படி சொல்வது என்று அவனுக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் வாய் திறப்பதற்குள் அவர்கள் புல்வெளியில் இறங்கிவிட்டார்கள். அம்மா அவர்களுக்கு பார்லி சூப் கொடுத்து உட்காரவைத்தாள்.

சாயங்காலம் குர்தின் மேலே போனான். நானும் கூடப் போனேன்.

"அத்தை, தொவச்ச துணிக்கு ஹெலிகாப்டர் வந்தது இந்த மலையில இதுதான் மொதல் தடவ."

"நீதானடா செவப்பா மாட்டச் சொன்ன."

"மனுஷன் மாதிரி மாட்டச் சொல்லலையே."

"ரியெத் உயிரோட இருந்தப்ப அவரப் பாக்க ஒருத்தரும் இப்படிப் பறந்து வந்ததில்ல," என்றாள் அம்மா. "அவருக்கு ஒரு மரியாத நடந்துச்சுன்னு வச்சுக்கோ."

உள்ளாடை உள்ளே போனது. கம்பி அங்கேயே இருந்தது.

இந்த ஆகஸ்டில் யாஹன் மாமா விழுந்தார். கீழ்வீட்டுக்காரர், அம்மாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். பள்ளத்தின் ஓரச் சரிவில், நீளப்பிடி அரிவாளால் புல் அறுத்துக்கொண்டிருந்தவர் வழுக்கிப் போய், பாதிப் பள்ளத்தில் ஒரு பாறைத் திட்டில் சிக்கினார். கால் முறிந்திருந்தது. அந்தத் திட்டு கம்பிக்கு நேர் கீழே.

கம்பிக்கு நேர் மேலே நின்று டாக்டரை இறக்க முடியாது. கம்பிக்குக் கீழே நுழையவும் இடமில்லை. தள்ளி, மிக உயரத்தில் நின்று கயிற்றை முழுக்க விட வேண்டியிருந்தது. நீளக் கயிறு ஊஞ்சலாகும். எங்கள் விசிறிக் காற்றில் கம்பியும் ஆடியது. டாக்டர் இறங்கும்போது ஒரு கணம் கம்பியும் அவளும் ஒரே உயரத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார்கள்.

"நிறுத்து," என்றேன் குர்தினிடம். "இடது. இன்னும் இடது. பிடி."

அவன் பிடித்தான். டாக்டர் கம்பியைக் கடந்து கீழே போனாள்.

அம்மா பள்ளத்தின் விளிம்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே என் தலை தெரிந்திருக்கும்.

மாமாவைப் புல்வெளிக்குக் கொண்டுவந்து இறக்கியபோது காப்பி தயாராக இல்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மாமாதான் பேச்சைத் தொடங்கினார்.

"நெய்சா, உன் கம்பிக்குக் கீழ விழுந்தது என் தப்புதான். அடுத்த தடவ நல்ல எடமாப் பாத்து விழுறேன்."

"கால்தான் ஒடஞ்சிருக்கு. வாய் ஒடையல பாரு," என்றாள் அம்மா. ஆனால் மாமாவைப் பார்த்துச் சொல்லவில்லை. டாக்டர் இடுப்புப் பட்டையைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வேலை முடிந்து சாப்பிட மேலே போனேன். அம்மா அடுப்பில் சூப்பைக் கிண்டியபடி, திரும்பாமல் கேட்டாள்.

"அந்த டாக்டர் பொண்ணுக்கு என்ன வயசு?"

"முப்பது, முப்பத்தொண்ணு இருக்கும்."

"கொழந்த இருக்கா?"

"இருக்கு. நடக்கப் பழகுது."

அவள் உப்புப் பார்த்தாள். கொஞ்சம் போட்டாள். பிறகு ஸ்டெய்லாவின் பால் குறைந்துவிட்டதைப் பற்றிப் பேசினாள்.

செப்டம்பரில் இரண்டாம் அறுப்பு வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். முன்னால் சொன்னேனே, புல்கட்டு, டயர், கேக் தூள், கப்பிக்கு கிரீஸ்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை நடந்ததை மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்மா காலையில் கீழ்வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவருடைய டிராக்டரையும் கைவின்ச்சையும் கேட்டிருக்கிறாள். எதற்கு என்று மாமா கேட்கவில்லை. மாவுக்கட்டுக் காலோடு டிராக்டரில் தொற்றிக்கொண்டு தானும் வந்தார். பால் கறக்கிற முக்காலியை வெளியே போட்டு உட்கார்ந்து, மெதுவாக விடு, வின்ச் சக்கரத்தை ஒரு பல் ஒரு பல்லாக விடு என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"யாஹன், உன் காலுக்கு மாவுக்கட்டு போட்டவன் வாய்க்கும் போட்டிருக்கலாம்," என்றாளாம்.

இழுவையைத் தளர்த்தினார்கள். கொட்டகைத் தூணிலிருந்து கம்பி கழன்று பள்ளத்துக்குள் விழுந்தது. மேலே போய் லார்ச் மரத்துக் கட்டை அவளே அவிழ்த்தாள். திரும்பி வந்து டிராக்டரைக் கொண்டு இழுத்து, மிச்சத்தைக் கையால் சுருட்டினாள். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது.

"எந்த ரெண்ட விக்கப் போற?" என்று மாமா கேட்டிருக்கிறார்.

"ஸ்டெய்லா இருக்கும். பறந்த மாட்ட யாரு விப்பா. மத்ததப் பாக்கலாம்."

"பிரைதாவுக்குச் சொல்லிட்டியா?" பிரைதா நான்தான்.

"தானாப் பாக்கட்டும். அவ மூஞ்சியப் பாக்கணும் எனக்கு."

"குர்தினுக்காவது போன் பண்ணு. கோட்ட அழிக்கணும்ல."

"சனிக்கெழம சாயந்தரம் போன் பண்ணா, பயந்துபோய் எறக்கிட்டான்னு நெனப்பான். திங்கக்கெழம, ஆபீஸ் நேரத்துல, முறையாச் சொல்றேன். இத்தன வருஷம் கேட்டவன் இன்னும் ரெண்டு நாள் காத்திருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பணியில் இருந்தேன். அழைத்தவர் மாமா. மேல்வீடு, பெண், மூச்சு இல்லை. அழைப்பை எடுத்தவர் எங்களுக்குப் படித்துச் சொல்லும்போது வீட்டின் பெயரில் நிறுத்தினார்.

"நீ எறங்கிக்கிறியா?" என்றான் குர்தின்.

"இல்ல."

டாக்டர் ஏறினாள். ஆகஸ்டில் இறங்கிய அதே டாக்டர்.

பள்ளத்தின் வழியே நேராகப் போனால் எங்கள் வீடு. கம்பி இருக்கும்போது நேராகப் போக முடியாது. சர்ச் குன்றைச் சுற்றி வர வேண்டும். வெயில் எதிரே இருந்தது. அந்த வெயிலில் யாருக்கும் கம்பி தெரியாது. வரைபடத்தில் கோடு இருந்தது.

"நெய்சா, வலது பக்கம்," என்றேன்.

"நெய்சா, பார்த்தேன்," என்றான் குர்தின். சுற்றினான்.

அம்மா கோழிக்கூட்டின் பக்கத்தில் கிடந்தாள். தீனிப் பாத்திரம் கவிழ்ந்திருந்தது. கோழிகள் எங்கள் சத்தத்துக்குச் சிதறி ஓடி, பிறகு அவளைச் சுற்றித் தானியம் பொறுக்கத் திரும்பி வந்தன. டாக்டர் வெகுநேரம் முயன்றாள். நான் மூச்சுப் பை பிடித்தேன், நேரம் சொன்னேன், சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பிறகு டாக்டர் கையை எடுத்தாள். எடுத்த கையை என் தோளில் வைத்தாள்.

அம்மாவை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கால் தரையை விட்டு எழும்பாது என்ற அந்த வாக்குவாதத்தில் அவள்தான் ஜெயித்தாள்.

மாமா ஊன்றுகோலோடு வேலியைப் பிடித்து நின்றார். முதலில் அவர் சொன்னது இது:

"ஏன் சர்ச்சச் சுத்தி வந்தீங்க?"

யாருக்கும் புரியவில்லை. அவர் கோலை உயர்த்திக் காட்டினார். லார்ச் மரம் இருந்தது. கொட்டகைத் தூண் இருந்தது. இரண்டுக்கும் நடுவே வெறும் வானம். தூணின் அடியில் கம்பி வட்டமாகச் சுருட்டி, நாலு இடத்தில் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. முடிச்சு அம்மாவுடையது.

"நேத்துதான் எறக்கினோம்," என்றார். "இந்த வயசுல வேணாம்னு நான் தடுத்தேன்னு சொல்ல ஆசதான். தடுக்கல. ஒரு பல் ஒரு பல்லா விடுன்னுதான் சொன்னேன்."

நேராக வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றாள் டாக்டர். கூப்பிடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றாள். சுற்று வழிக்கு ஆகும் நேரத்தை நானும் கணக்குப் போட்டேன். அவள் சொன்னது சரி. பல விமானிகளைப் பல வருஷம் சுற்ற வைத்தவள், தன் வீட்டுக்கு வந்தவர்களையும் ஒரு முறை சுற்ற வைத்தாள், அவ்வளவுதான்.

சமையலறை மேசையில் ஒரு அக்ரூட் கேக் மூடி வைக்கப்பட்டிருந்தது. திங்கட்கிழமை குர்தினுக்குச் சொல்லும்போது தளத்துக்குக் கொடுத்தனுப்பச் செய்தது என்றார் மாமா. வண்டியில் கொண்டுபோனோம். ஒரு ஓரம்கூட உடையவில்லை. குர்தின் வெட்டாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தை செஞ்ச கேக்க நீ தூளாத்தான் கொண்டுவருவ. முழுசா இப்பத்தான் பாக்குறேன்," என்றான்.

இப்போது நாங்கள் பள்ளத்தின் வழியே நேராகப் போகிறோம். அந்த இடம் வரும்போது நான் சொல்கிறேன், குர்தின் பார்த்தேன் என்கிறான். வரைபடத்தில் கோடு இன்னும் இருக்கிறது. பக்கத்துத் தளக்காரர்கள் இந்தப் பக்கம் வருவது கோடையில்தான்; அதுவரை இந்தக் கோடு யாரையும் சுற்ற வைக்காது. அதற்கு முன், வசந்தத்தில், புது வரைபடம் வரும்.

ஒரு நாள் காப்பி குடிக்கும்போது குர்தினிடம் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"விதிப்படி கம்பி கட்டுனவங்கதான் சொல்லணும்," என்றான், கோப்பைக்குள் பார்த்தபடி. "இல்லன்னா வாரிசு. அவசரம் ஒண்ணும் இல்ல. பனி உருகட்டும்."

"அறுப்பு முடியட்டும்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அத்தைகிட்டதான் கத்துக்கிட்டேன்."

இரண்டு மாடுகளை விற்றாகிவிட்டது. ஸ்டெய்லாவும் மற்ற இரண்டும் மாமாவின் தொழுவத்தில் இருக்கின்றன. கைவின்ச்சைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பனி உருகுவதற்குள் தளத்துக்கு ஒரு போன் பண்ண வேண்டும். திங்கட்கிழமை, ஆபீஸ் நேரத்தில், முறையாக. அம்மா பண்ணுவதாகச் சொல்லியிருந்தாள்.